குகைக்குள் இருந்தவன் வலதுகைக்காரன்

வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். மாமல்லபுரத்து மலைமேல் ஒரு குகைக்கு முன்னால் எங்கள் குழு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டீ-ஷர்ட். முதுகில் வெள்ளை மையில் ஒரு குள்ள வீரன், ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். அந்தக் குகைச் சுவரில் செதுக்கியிருக்கும் வீரன்தான் அவன். அவனைப் பார்த்துத்தான் நாங்கள் வாள் பிடிக்கவே கற்றுக்கொண்டோம்.

எங்களோடு வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் ஒருவரும் இருந்தார். நரைத்த தாடி, நல்ல உயரம், வெயிலுக்கு மூக்கு மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. மறுநாள் காலை எங்களுக்கும் அவர் அழைத்து வந்திருந்த குழுவுக்கும் போட்டி. அதற்கு முன்னால், "எங்க குருவ வந்து பாருங்க" என்று பெருமையாக அவரை மலைக்குக் கூட்டிவந்திருந்தான் எங்கள் கேப்டன் ஸ்டீபன்.

ஸ்டீபன் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று முதுகைத் திருப்பிக் காட்டினான். கல்லில் ஒரு வீரன், டீ-ஷர்ட்டில் ஒரு வீரன். நடுவர் கல்லைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி ஆட்டி, ஆங்கிலத்தில் மெதுவாக என்னவோ கேட்டார்.

ஸ்டீபன் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாவாம்?" என்று கேட்டேன்.

"கல்லுல வாளு சோத்தாங்கைல கீதுக்கா. நம்ப முதுவுல பீச்சாங்கைல கீது. ஏன்னு கேக்குறாரு."

எங்கள் கடற்கரைப் பேச்சு பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். சோத்தாங்கை என்றால் சோறு சாப்பிடும் வலது கை. பீச்சாங்கை என்றால் இன்னொரு கை. அதற்கு என்ன வேலை என்பதைப் பெயரை வைத்தே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று வருடமாக வாளை இடது கையில் பிடித்துப் பழகியவர்கள்.

வாள் என் கடைக்கு வந்த கதை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். தொடர்ந்து படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மல்லிகா. மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஈ.சி.ஆர். ஓட்டல்களுக்கு ஜன்னல் திரை, மெத்தை உறை, ஊழியர்களுக்குச் சீருடை, இதுதான் என் பிழைப்பு. வாளுக்கும் எனக்கும் கத்தரிக்கோல் அளவுக்குக்கூடச் சம்பந்தம் கிடையாது.

பழங்கால வாள்சண்டை என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய ஏடு, பழைய ஓவியம், பழைய சிலை, எது கிடைத்தாலும் அதைப் பார்த்து, அந்தக் காலத்தில் எப்படிச் சண்டை போட்டிருப்பார்கள் என்று போட்டுப் பார்ப்பவர்கள். வாள் இரும்புதான், விளிம்பு மட்டும் மழுங்கல். தலைக்குக் கம்பிவலை முகமூடி, உடம்புக்குப் பஞ்சு திணித்த சட்டை. இதற்கு ஒரே விதி வகுத்து நாடுகளுக்கு இடையே போட்டி நடத்த வேண்டும் என்று ஒரு கட்சி. நடத்தினால் கலை நாசமாகிவிடும் என்று எதிர்க்கட்சி. அந்தத் தாடிக்கார நடுவர் முதல் கட்சி. ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருக்கும் குழுக்களோடு தன் ஆட்களை மோதவிட்டு, முதல் சர்வதேசப் போட்டிக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டீபனுக்கு மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல்லவர் காலத்தில் வாழ்பவன். அவன்தான் பஞ்சுச் சட்டை தைக்கச் சொல்லி என் கடைக்கு வந்தான். ஓட்டலில் கழித்துப்போட்ட மெத்தைகளின் பஞ்சை உள்ளே வைத்துத் தைத்தேன் என்று போன வாரம் எழுதியதற்கு ஒரு வாசகி கோபித்துக்கொண்டாராம். அம்மா, வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் திணித்தேன், கவலைப்படாதீர்கள்.

முதல் சட்டை தயாரானதும், போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நானே மாட்டிக்கொண்டேன். ஸ்டீபன் ஒரு மரவாளை நீட்டினான். வழக்கம்போல் வலது கையால் வாங்கப் போனேன்.

"அது இல்லக்கா. எடது கைல புடிங்க. நம்ப ஸ்டைலு அதான்."

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு மனுஷர்கூட என்னை இடது கையால் ஒன்றை வாங்கச் சொன்னதில்லை. வாங்கினேன். ஒரு சுற்றுச் சுற்றினேன். அடக்க முடியாத சந்தோஷம். ஸ்டீபன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நெம்மேலி தாண்டி அவர்கள் பயிற்சி செய்யும் சவுக்குத் தோப்பில் போய் நின்றேன்.

அம்மா கட்டிவிட்ட கைக்குட்டை

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. பிறந்தது வளர்ந்தது செங்கல்பட்டில். அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். சுத்தபத்தம் என்றால் அம்மாவுக்கு உயிர். எந்தக் கை எதைத் தொடலாம் என்பதில் அவளிடம் சமரசமே கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தால் என் இடது கை முந்திக்கொண்டு தட்டுக்குப் போகும். அம்மா அதை மடக்கி, ஒரு கைக்குட்டையால் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மர ஸ்கேலால் அதே கையின் முட்டியைத் தட்டுவார். வீட்டில் கட்டு, பள்ளியில் அடி. ஒரு கைக்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் அது அடங்கிவிட்டது.

அம்மாவை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. அவள் பயம் அவளுக்கு. "நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போறவ. பீச்சாங்கைல சோறு போட்டா வளர்ப்பு இன்னா வளர்ப்புன்னு என்னத்தான கேப்பாங்க?" என்பாள். ஆனாலும் கோபம் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

தையல் கற்றுக்கொண்டதும் வலது கையில்தான். கத்தரிக்கோல் எல்லாமே வலது கைக்கென்று செய்தது. இடது கைக்குத் துணியைத் தள்ளிக்கொடுக்கும் வேலை. இருந்தும் அவசரத்தில் அது முந்திவிடும். ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையை இடது கையால் நீட்டிவிட்டேன். வாங்க வேண்டிய அம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பையை நீட்டியபடியே நான் நின்றேன். சுற்றிலும் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். அன்றைக்கு என் கையை நானே வெறுத்தேன்.

சவுக்குத் தோப்பில் நிலைமை தலைகீழ். குழுவில் மற்ற அத்தனை பேரும் வலதுகைக்காரர்கள். இடது கையில் வாளைப் பிடித்துக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டவர்கள் மாதிரி மணலில் தடுமாறினார்கள். நான் மட்டும் ஜாலியாகச் சுற்றினேன். ஊரே தடுமாற, நான் வேடிக்கை பார்ப்பது எனக்குப் புதுசு. சில மாதங்களில் குழுவில் என்னை ஜெயிக்க ஆளில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூர்த்தி திருப்பிப் போட்ட பேப்பர்

மறுபடி குகைக்கு வருவோம். எல்லோர் கண்ணும் மூர்த்தி பக்கம் திரும்பியது.

மூர்த்தி என் சித்தி மகன். சிற்பக் கூடத்தில் வேலை செய்கிறவன். குழு தொடங்கியபோது குகைச் சுவரின் வீரனை வரைந்து கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துத்தான் நிற்கும் விதம், கால் வைக்கும் விதம், வாள் பிடிக்கும் விதம் எல்லாம் ஸ்டீபன் வகுத்தான்.

மூர்த்தி தலையைச் சொறிந்தான். கல்லை அண்ணாந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அது இன்னான்னா... நாங்க கோயில் வாசலுக்கு துவாரபாலகர் செய்வோம்ல? வாசலுக்கு ரெண்டு பக்கமும் வோணும், ஒண்ண ஒண்ணு பாத்தா மாதிரி. ரெண்டு வாட்டி எவன் வரைவான்? ட்ரேசிங் பேப்பர்ல ஒண்ணு வரைவோம், திருப்பிப் போட்டா இன்னொண்ணு ரெடி. அந்தப் பழக்கத்துல இவனையும் திருப்பிப் போட்டு ஜெராக்ஸுக்குக் குடுத்துட்டேன் போலகீது."

"போலகீதா?" என்றான் ஸ்டீபன். அவன் குரல் குகைக்குள் எதிரொலித்தது.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. இந்த இடது கையை வைத்து அவன் ஒரு பெரிய ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தான். பல்லவர் படையின் முன்வரிசையில் வேண்டுமென்றே இடதுகைக்காரர்களை நிறுத்தினார்கள், எதிரியின் கேடயம் இல்லாத பக்கமாகப் பாய்வதற்கு அது ஒரு தந்திரம் என்று ஒரு கல்லூரியில் போய்ப் பேசிவிட்டும் வந்திருந்தான். மாணவர்கள் கைதட்டினார்களாம்.

மூன்று வருடத்தில் ஒருத்தர்கூடக் குகைக்குப் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மாமல்லபுரத்துக்காரர்களைப் பற்றித் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. விருந்தாளி வந்தால்தான் நாங்கள் மலை ஏறுவோம். ஏறினாலும் உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி அவர்களை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மாங்காய் பத்தை வாங்கித் தின்றுகொண்டு இறங்கிவிடுவோம். குகைக்குள் தலையை நீட்டி, எவன் எந்தக் கையில் என்ன பிடித்திருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்.

இதில் பெரிய வேடிக்கை, தப்புப் படம் கொடுத்த மூர்த்தி மட்டும் கடைசிவரை இடது கைக்கு மாறவே இல்லை. "சுத்தி புடிக்கிற கைதான்பா வாளும் புடிக்கும், என்ன விட்ரு" என்று கும்பிடு போட்டுவிட்டான். ஸ்டீபனும் தொல்லை விட்டது என்று இருந்துவிட்டான். ஆகவே எங்கள் தோப்பில் வலது கையால் மோதுவதற்கு இருந்த ஒரே ஆள் மூர்த்தி. நான் அவனோடுதான் அதிகம் மோதினேன். காரணம் வேறொன்றுமில்லை, வீட்டு ஆள், அடி பட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஸ்டீபன் கட்சியும் என் கட்சியும்

மலையிலிருந்து இறங்கி எல்லோரும் என் கடைக்கு வந்தோம். நடுவர் ஓட்டலுக்குப் போய்விட்டார். போகும்போது ஸ்டீபனிடம், விதியில் கை பற்றி ஒன்றும் இல்லை, உங்கள் முறை எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள்தான் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நேர்மை என்ற வார்த்தை ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு எல்லாரும் சோத்தாங்கைல ஆடுறோம்" என்றான். "நாம பண்றது பழங்கால வாள்சண்டை. கல்லுல இன்னா கீதோ அதான் பண்ணணும்."

பாதிப் பேருக்கு உள்ளூர நிம்மதி என்று முகத்திலேயே தெரிந்தது.

"நான் மாத்த மாட்டேன்" என்றேன்.

"யக்கா, பேஜார் பண்ணாதீங்க. இதான் நான் மொதல்லேர்ந்து சொல்லிகினு கீறேன். போட்டி கீட்டின்னு போனாலே இப்படித்தான். ஜெயிச்சா போதும்னு ஆயிரும். அப்பறம் பாயிண்ட்டு, வெயிட்டு, கோச்சு. வாளு மெலிஞ்சி மெலிஞ்சி ரேடியோ ஏரியல் மாதிரி ஆயிரும். தொட்டா பாயிண்ட்டுன்னு தட்டிகினு கெடப்பாங்க. சண்ட எங்க இருக்கும்?"

ஸ்டீபன் அந்த எதிர்க்கட்சி; குழுவின் ஆசைக்காகத்தான் இந்தப் போட்டிக்கே சம்மதித்திருந்தான். அவன் சொன்னதில் உண்மை உண்டு. நான் மறுக்கவில்லை. விதி என்று ஒன்று வந்தால் அந்த விதிக்கு ஏற்ற மாதிரி ஆடுகிறவர்கள்தான் ஜெயிப்பார்கள். ஒரு நிஜப் போரில் யாரும் கையுறையைத் தட்டிவிட்டு ஓடிப்போக மாட்டார்கள்.

ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. வரலாறு என்றால் யாராவது ஒருவர் வந்து இது சரி, இது தப்பு என்று சொல்ல வேண்டும். விளையாட்டு என்றால் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் வந்து நின்றால் போதும், மிச்சத்தை வாள் பார்த்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க இந்தக் கை தப்பு என்று பிறர் சொல்லக் கேட்டவளுக்கு இதில் எது பிடிக்கும்?

"ஸ்டீபன், கல்லுல கீறவன் ஆம்பளயா பொம்பளயா?" என்று கேட்டேன்.

"ஆம்பள."

"குள்ளனா நெட்டையா?"

"குள்ளன்."

"ஷூ போட்டுகினு கீறானா? மூஞ்சில கம்பிவலை மாட்டிகினு கீறானா? அவன் சட்டைல ஜிப்பு கீதா? மெத்தப் பஞ்சு கீதா? இத்தினியும் மாத்திட்டு வந்து என்னை நிக்க வெச்சிருக்கியே, அதெல்லாம் கல்லுல கீதா? என் கை ஒண்ணுதான் உனக்கு வரலாத்த கெடுக்குதா?"

மூர்த்தி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். ஸ்டீபன் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டிருந்தான். நூல் அறுந்துவிடுமே என்று எனக்கு அந்த நேரத்திலும் கவலை.

"சரிக்கா" என்றான் கடைசியில். "நீங்க மட்டும் எடது கைல ஆடுங்க. ஜெயிச்சா ஆயுசுக்கும் உங்க இஷ்டம். தோத்தா திங்கக்கெழமையிலேர்ந்து சோத்தாங்கை. நான் சொல்றபடி கேக்கணும். இல்லன்னா குழுவுல இருக்க வேணாம்."

சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. மறுபடி அந்தக் கையை மடக்கிக் கட்டிவிடுவார்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

கயிற்றுக்குள்

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஜெயித்தேன். ஒரு வாரம் முழுக்க உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசு வராது. ஆனால் எப்படி ஜெயித்தேன் என்பதை என் வாயால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஓர் ஓட்டலின் பின்பக்கப் புல்வெளி. அந்தப் பக்கம் கடல். அங்கே தொங்கிய திரைகள் நான் தைத்தவை என்பதால் எனக்குக் கொஞ்சம் சொந்த இடம் மாதிரி இருந்தது. கடற்காற்றில் உப்புப் பிசுபிசுப்பு. நான்கு மூலையில் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள், சிற்பக் கூடத்து ஆட்கள், பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் என்று நல்ல கூட்டம்.

அம்மாவும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். மகள் வெள்ளைக்காரர்களோடு வாள் சண்டை போடப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாளாம். எந்தக் கையால் என்று நான் மூன்று வருடமாக அவளிடம் சொன்னதில்லை. குடையை விரித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், ஒவ்வொருவராகத் தோற்றார்கள். கை வலதுக்கு மாறியது, கால் மாற மறுத்தது. மூன்று வருடம் பழகின கால் அல்லவா? ஸ்டீபனே முன்னால் வைக்க வேண்டிய காலைப் பின்னால் வைத்து, தன் கேடயத்தில் தானே இடித்துக்கொண்டான். ஒரே ஆள்தான் ஜெயித்தான். கை மாறவே மாறாத மூர்த்தி. தோளைக் குலுக்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்து, "ஒண்ணும் இல்லக்கா, கல்லு அடிக்கிறா மாதிரிதான்" என்றான்.

கடைசி ஆட்டம் என்னுடையது. எதிரில் ஹன்னா. அவர்கள் குழுவிலேயே கெட்டிக்காரி என்று சொன்னார்கள். என்னைவிட ஒரு தலை உயரம், முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. ஐந்து புள்ளி முதலில் எடுப்பவர் வெற்றி. சாப்பிடும் கையில் கேடயத்தை மாட்டினேன். மற்ற கையில் வாளை எடுத்தேன். அம்மாவின் குடை நிமிர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

முதல் புள்ளி சுலபம். ஹன்னாவின் கேடயம் இருந்த பக்கம் என் வாள் வரவே இல்லை. அவள் வாள் பிடித்த பக்கமாகவே நுழைந்து தோளில் போட்டேன். இரண்டாவதும் அப்படியே. கூட்டத்தில் விசில். குப்பத்துப் பெண் ஒருத்தி, "போடு மச்சி!" என்று கத்தினாள்.

ஆனால் ஹன்னா சும்மாவா? நின்றாள், யோசித்தாள், காலை மாற்றினாள். அடுத்த இரண்டும் அவளுக்கு. அதற்கடுத்து என் கையுறையை வாள் நுனியால் லேசாகத் தொட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தாள். கொடி உயர்ந்தது. புள்ளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தொடுதலுக்கு ஒரு கொசுகூடச் சாகாது. ஸ்டீபன் சொன்ன தட்டல் இதுதான். அவனைத் திரும்பிப் பார்த்தேன். "நான் சொல்லல?" என்கிற முகம் அவனுக்கு.

கோபம் வந்ததும் நல்லதுக்குத்தான். ஓங்கி விலாவில் ஒன்று போட்டேன், பஞ்சுச் சட்டை தூசி கிளப்பியது. பிறகு அவளுக்கு ஒன்று. பிறகு எனக்கு ஒன்று. நாலுக்கு நாலு.

முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க வழியில்லை. கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை. தோற்றால் திங்கட்கிழமை என்ற ஒரே எண்ணம்.

ஹன்னா வாளை ஓங்கினாள். வலது கை, மேலிருந்து. ஓங்கிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு மூர்த்தி ஞாபகம் வந்தது. மூர்த்தி எப்போதும் முதல் அடியைச் சும்மா போடுவான், சுத்தி வைத்து இடம் பார்க்கிற மாதிரி. இரண்டாவதுதான் நிஜ அடி. மூன்று வருடம் அவனிடம் அடி வாங்கி அதைத் தெரிந்துகொண்டிருந்தேன். ஹன்னாவின் முதல் அடி வந்தது. அசையாமல் நின்றேன். அது காற்றில் போனது. இரண்டாவது இறங்கியபோது கேடயத்தை மேலே தூக்கி, அதே மூச்சில் என் இடது கையை நீட்டினேன். வாளின் விளிம்பு அவள் மணிக்கட்டில் பட்டது. இரும்பு பட்ட சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. கொடி உயர்வதற்கு முன்னால் ஹன்னாவே தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன்! எழுதும்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. மூர்த்தி முகமூடியை ஆகாயத்தில் வீசினான், அது ஓட்டல் கூரையில் போய் விழுந்தது. ஸ்டீபன் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து, "சோத்தாங்கையாம் சோத்தாங்கை! எந்த மடையன் சொன்னது?" என்று தன்னையே திட்டிக்கொண்டு குதித்தான். தாடிக்கார நடுவர் மைக்கைப் பிடித்து, சர்வதேசப் போட்டிக்கு இந்த ஊரிலிருந்து இரண்டு பேர் என்று அறிவித்தார். மூர்த்தி பெயரைச் சிரமப்பட்டு உச்சரித்தார். என் பெயரைச் சரியாகவே சொன்னார்.

பழங்கால வாள்சண்டை சர்வதேச விளையாட்டாக வேண்டுமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டும் என்கிறேன். கொசு சாகாத தட்டலுக்குப் புள்ளி கொடுக்கக் கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டே, வேண்டும் என்கிறேன்.

அந்தக் காலையில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

ஆட்டம் முடிந்தால் இருவரும் முகமூடியைக் கழற்றி, கேடயத்தைக் கீழே வைத்து, கை குலுக்க வேண்டும். வாள் பிடித்த கையில் வாள் அப்படியே இருக்கும், காலியான கையை நீட்டுவார்கள். அதுதான் அவர்கள் முறை. ஹன்னா வலது கையில் வாளோடு இடது கையை நீட்டினாள். நான் இடது கையில் வாளோடு வலது கையை நீட்டினேன். இரண்டும் பொருந்தாமல் நடுவில் நின்றன. அவள் சிரித்துவிட்டு, தன் வாளைக் கை மாற்றப் போனாள்.

நான் முந்திக்கொண்டேன். வாளை வலது கைக்கு மாற்றிவிட்டு, இடது கையை நீட்டினேன்.

ஹன்னா அதை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாள். வியர்வையும் உப்புமாக இருந்தது இரண்டு கையும். என் பிறவியில் அந்தக் கையை யாரும் மரியாதைக்காகப் பிடித்ததில்லை. அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன்.

முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏய் மல்லி! அது பீச்சாங்கைடீ! வந்தவங்களுக்கு அந்தக் கையவா குடுப்ப?"

"தெர்யும்மா!" என்று கத்தினேன்.

கையை எடுக்கவில்லை.